றோசாவுக்காக இறுக்கின கார்

வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டி, அதற்கு மேலே சேலையைச் சுற்றி, மடியில் செம்பு நிறையத் தண்ணீரும் வைத்துக்கொண்டு காரின் பின்சீற்றில் இருந்தேன். விடிந்து கொஞ்ச நேரம்தான். நந்திக்கடல் பக்கமிருந்து வந்த வெள்ளைப் பனிப்புகார் றோட்டில் படுத்திருந்தது. காருக்குள் மீன் மணமும் புதுப் பெயின்ற் மணமும் கலந்து அடித்தன.

என் மனுசன் சவிரி முன்னால் இருந்து கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

"சிரியாமல் ஓடுங்கோ. உண்மையா வயித்தில இருந்தால் இப்பிடிச் சிரிப்பியளோ?"

"அப்ப சிரிப்பு எங்கை வரும்? உமக்கு நாப்பது வயசு. பயத்தில காரை விட்டிட்டு ஓடியிருப்பன்."

செம்பை எறியலாமோ என்று யோசித்தேன். ஆனால் அந்தத் தண்ணீரில்தான் எல்லாம் இருந்தது. முல்லைத்தீவிலிருந்து தண்ணீரூற்று வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தால் என் தங்கச்சி றோசா காரில் ஏறுவாள். சிந்தினால் ஏறமாட்டாள். அது அவள் போட்ட சட்டம். கவர்மெண்ட் போட்ட சட்டத்தை மீறினாலும் றோசா போட்டதை மீற ஏலாது.

கதவு திறக்கிற கார்

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு எங்கள் காரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது ஒரு ஏ-போர்ட்டி கார். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். கொழும்பில் ஒரு டொக்டர் வைத்திருந்து, வவுனியாவில் ஒரு முதலாளி வைத்திருந்து, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தது. சவிரி அதுவரை வள்ளத்தில் கடலுக்குப் போன மனுசன். நெஞ்சுநோ வந்தபின் கடலை விட்டுக் கார் பிடித்தார். காலையில் ஐஸ் போட்ட மீன்பெட்டி. பத்து மணிக்குமேல் ஆட்கள். மீனுக்குப் பிறகு ஏறுகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். மூன்றாம் மைல்கட்டை போனால் கையை எடுத்துவிடுவார்கள். மூக்கும் பாவம், எவ்வளவு நேரம்தான் கோபித்துக்கொண்டிருக்கும்?

காரில் மற்றக் குறை என்னவென்றால், வளைவில் திரும்பினால் இடப்பக்கப் பின்கதவு தானாகத் திறக்கும். ஆரோ இறங்கப்போகிற மாதிரி மரியாதையாகத் திறக்கும். அந்தப் பக்கம் இருக்கிறவர் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டே வரவேண்டும். குழியில் விழுந்தால் முன்பக்கம் ஒரு ஆட்டம், பின்பக்கம் வேறொரு ஆட்டம். கடலில் பக்கக்காற்றுக்கு ஆடுகிற வள்ளம் கூட அவ்வளவு ஆடாது.

இதையெல்லாம் நாங்கள் பகிடியாகத்தான் எடுத்திருந்தோம், றோசாவின் இரண்டாவது பிள்ளைப்பேறு வரைக்கும்.

பாலைமரத்தடி

றோசா எனக்குப் பத்து வயது இளையவள். அம்மா செத்தபின் என் இடுப்பிலேயே வளர்ந்தவள். அவளுடைய முதல் பிள்ளை வயிற்றில் ஆறாம் மாதத்தில், வீட்டிலேயே கலைந்து போய்விட்டது. இரண்டாவதற்கு நாள் வரமுன்பே வலி வந்தது. எங்கள் காரில்தான் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்கு ஓடினோம். ஒட்டுசுட்டான் தாண்டி மாங்குளத்துக் காட்டுக்குள், ஒரு பெரிய பாலைமரத்துக்குக் கிட்ட, பிள்ளை காருக்குள்ளேயே பிறந்தது. அழவில்லை. நான் அதற்கு மேல் எழுதப்போவதில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஐயா நல்ல மனுசன். பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து அவளுக்குச் சொன்னார்.

"அம்மா, கார் குலுக்கினதால பிள்ளை போகேல்லை. உங்கட கருப்பைக் கழுத்து பலவீனம். அடுத்த முறை நாளுக்கு முதலே இஞ்ச வந்து படுங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

றோசா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்தபின் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, அந்தக் குலுக்கலில டொக்டர் இருந்தவரோ? நான் எல்லோ இருந்தனான்."



மூன்றாவது வயிற்றில் வந்தபோது அவள் சிரித்தாள், சமைத்தாள், புருசன் யோசேப்போடு சண்டை பிடித்தாள், எல்லாம் செய்தாள். வவுனியா என்ற பேச்சு வந்தால் மட்டும் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். பஸ்ஸில் போகச் சொன்னோம். பஸ் காரைவிடக் குலுக்கும் என்றாள், அது உண்மை. ட்ரக்டரைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை.

"வீட்டிலயே பெறுறன். நடக்கிறது நடக்கட்டும்" என்றாள்.

எட்டாம் மாதம் பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. சவிரி அன்றைக்குச் சாப்பிடாமல் எழும்பினார். அவர் சாப்பிடாமல் எழும்பினதை அதற்கு முதல் நான் கண்டதில்லை, சுகமில்லாத நாளில் கூட.

"அவள் ஏறமாட்டன் எண்டது என்ர காரில. அப்ப காரைத்தான் மாத்தவேணும்" என்றார்.

இரண்டு வண்டி

தண்ணீரூற்றில் ஒரு மாமரத்தடியில் ராமையா பட்டறை வைத்திருந்தார். மலைநாட்டில் தோட்டத்து லொறிகளைத் திருத்தினவர். அங்கே கலவரத்தில் தொழிலாளரின் லயங்களை எரித்த வருசம் பெண்சாதி பிள்ளைகளோடு வன்னிக்கு இறங்கி வந்தவர். வாயும் கையும் ஒன்றுக்கொன்று போட்டி போடும். வாய்தான் வெல்லும்.

காருக்கு அடியில் போய்ப் படுத்து, ஒரு திருப்புளியால் குத்திக் குத்திப் பார்த்தார். குத்தின இடமெல்லாம் இரும்புக் கறள் உதிர்ந்து அவருடைய மீசையில் விழுந்தது.

"அண்ணே, நீங்க ஓட்டுறது ஒரு வண்டி இல்லீங்க, ரெண்டு வண்டி. முன்வண்டி ஒரு பக்கம் போகுது. பின்வண்டி மாமியாக்காரி மாதிரி அதுக்கு எதுத்தாப்புல போகுது."

"ஏன் அப்பிடி?"

"சேசிஸ் போயிருச்சுங்க."

சேசிஸ் என்பது காரின் அடியில் நீளத்துக்கு ஓடுகிற இரண்டு இரும்புச் சட்டம். எங்களுக்கு முதுகெலும்பு மாதிரி. எங்கள் வீட்டு மீன்பெட்டிகளின் உப்புத்தண்ணீர் வருசக்கணக்காக வடிந்து வடிந்து அதைத் தின்றுவிட்டது. சட்டம் வளைந்து கொடுத்ததால்தான் கார் முறுகியது. கார் முறுகினதால்தான் கதவு திறந்தது.

காரைச் சமமாக முண்டுகொடுத்து நிறுத்தி, நாலு கதவையும் சாத்திக் கட்டி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். கதவைத் திறந்துபோட்டு இரும்பை உருக்கி ஒட்டினால் கோணலோடேயே இறுகிவிடுமாம். கறள் பிடித்ததை வெட்டி எறிந்து, இரண்டு பக்கமும் தடித்த தகடு வைத்து ஒட்டினார். நடுவில் குறுக்காக இரண்டு இரும்பைப் பெருக்கல் அடையாளம் மாதிரி வைத்து ஒட்டினார். நான் சோறு கட்டிக்கொண்டு போய், தூரத்தில் நின்று பார்ப்பேன். நீலப் பொறி பறக்கும். மாமரத்துக் காகங்கள் எல்லாம் அடுத்த வளவுக்குக் குடிபோய்விட்டன.

முடிந்தபின் ராமையா என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒத்த வெரலால கதவ சாத்துங்க."

சாத்தினேன். டக் என்று ஒரு சத்தம். நல்ல அலுமாரிக் கதவு சாத்துகிற மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கதவுக் கயிறு அறுத்த தழும்பு என் உள்ளங்கையில் அப்போதும் இருந்தது.

அந்த அளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடல்காரனும் லொறிக்காரனும் ஒன்றுசேர்ந்தால் நிறுத்துவார்களோ?

"பின்பக்கம் இன்னும் ஆடுமோ?" என்று சவிரி கேட்டார்.

"ஸ்பிரிங் பட்டை கெழடாகிருச்சுங்க. லொறிப் பட்டை கெடக்கு, வெட்டி ரெண்டு சேத்துப் போடவா?"

"போடு. இறுக்கு. இன்னும் இறுக்கு."

"தேயில லொறிக்குப் போடுறதுங்க இது. கொண்டை ஊசி வளைவுல ஒரு இம்மி சாயாது."

சேர்த்துக் கட்டினார். ஆயுசுக்கும் கழலக்கூடாது என்று நட்டு முனைகளைச் சுத்தியலால் தட்டி மழுக்கியும் விட்டார். மலையில் வளைவு அதிகம், குழி குறைவு. வன்னியில் வளைவே கிடையாது, எல்லாம் குழி. மாமரத்தடியில் நின்ற மூன்று பேரில் ஒருவருக்கும் அது அந்த நேரம் மூளையில் ஓடவில்லை.

செம்பில் மிச்சம்

அப்படித்தான் நான் தலையணையோடு காரில் ஏறினேன். றோசா படலையில் நின்று தன் கையாலேயே செம்பில் தண்ணீர் வார்த்தாள். விளிம்பு வரைக்கும் வார்த்தாள், கள்ளி.

கார் நேர்கோட்டில் ஓடியது. நேர்கோட்டில்! அதற்கு முதல் அது நண்டு மாதிரி ஒரு பக்கம் சரிந்துதான் ஓடும். மாடு குறுக்கே வர சவிரி வெட்டித் திருப்பினார். ஒரு சாய்வும் இல்லை, ஆட்டமும் இல்லை. "பாத்தீரோ, பாத்தீரோ" என்று அவர் கத்தினார்.

முதல் குழி வந்தது. பின்சில்லு விழவில்லை, அடித்தது. நான் சீற்றை விட்டு எழும்பித் தலையால் கூரையை முட்டினேன். செம்பு கூட எழும்பியது. தண்ணீர் மட்டும் திரும்பச் செம்புக்குள் வரவில்லை. இரண்டாவது குழியில் தலையணை முதுகுப்பக்கம் போய்விட்டது.

வீட்டுப் படலையில் இறங்கினேன். சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வயிறு முதுகில் இருந்தது. றோசா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்குத் தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுதோ?"

சிரித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் என் கையிலிருந்த செம்பை வாங்கி உள்ளே பார்த்தாள். அடியில் ஒரு மிடறு கூட இல்லை. சிரிப்பு நின்றது. செம்பை என் கையில் அழுத்தித் தந்துவிட்டு உள்ளே போனாள்.

சவிரி காருக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கார் நல்லா நிக்குது. ஆனா கல்லு மாதிரி நிக்குது" என்றார்.

பட்டையைக் கழற்றுவிக்கலாம் என்று தண்ணீரூற்றுக்குப் போனார். ராமையா தன் தங்கச்சியின் கலியாணத்துக்கு மலைக்குப் போய்விட்டாராம், எப்போது வருவாரென்று தெரியாதாம். மழுக்கின நட்டை வேறு ஆராலும் அசைக்க முடியவில்லை. ராமையா தன் வேலையைத் திருத்தமாகச் செய்திருந்தார்.

நித்திரை

அடுத்த நாள் உடையார்கட்டில் ஒரு கலியாண வீடு. முன்பே பேசின ஹயர் ஓட்டம். அரைமனதோடு சவிரி போனார், நானும் போனேன். கருவாடு விற்கிற வீரோணிக்கா அக்கா, அவவின் மச்சாள் திரேசா, அவர்களுடைய சீதனப் பலகாரப் பெட்டிகள். வீரோணிக்கா அக்கா ஏறினால் எந்தக் காரும் ஒருதரம் பெருமூச்சு விடும். திரேசாவும் குறைவில்லை. நானும் காற்றில் பறக்கிற ஆளில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார் புறப்பட்டது. வயல்வெளி வந்தது. ஒரு குளம் வந்தது, அதில் தாமரையும் ஒரு நாரையும் வந்தன. காற்று வெதுவெதுவென்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"எடியே, எழும்பு. கலியாண வீடு வந்திட்டுது. சேலையெல்லாம் வீணீர்."

வீரோணிக்கா அக்காவின் தோளில் என் வாய் திறந்து கிடந்தது. அந்தக் காரில் ஏறின காலத்திலிருந்து நான் ஒரு கண் மூடினதில்லை. இறங்கி, நித்திரைக் கண்ணோடு நின்றேன். எனக்குப் பின்னால் திரேசா இறங்கினா, பிறகு வீரோணிக்கா அக்கா இறங்கினா. ஒவ்வொருவர் இறங்க இறங்கக் காரின் பின்பக்கம் மெல்ல மெல்ல மேலே எழும்பியது. வாலைத் தூக்கின கோழி மாதிரி.

சவிரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வீரோணிக்கா அக்கா, ஒருக்கா திரும்ப ஏறுங்கோ."

"ஏன்ரா தம்பி?"

"ஏறுங்கோவன்."

ஏறினா. வால் இறங்கியது. இறங்கினா. வால் ஏறியது. கலியாண வீட்டார் மாப்பிள்ளையை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க வந்துவிட்டார்கள்.

"வெறும் வள்ளத்தை ஆர் கடலில விடுறது?" என்று சவிரி தனக்குத்தானே சொன்னார். "அடிப்பாரம் இல்லாமல் விட்டால் ஒவ்வொரு அலையும் தூக்கி எறியுமெல்லோ. லொறிப் பட்டை பாரம் கேக்குது."

ஆர் எங்கே இருக்கிறது

முதலில் மணல்மூட்டையைத்தான் நினைத்தார். டிக்கிக்குள் நாலு மூட்டை அடுக்கி ஓடிப்பார்த்தார். பின்பக்கம் மெத்தையாக இருந்தது, ஆனால் முன்பக்கம் எழும்பிவிட்டது. முன்சில்லு தரையைப் பிடிக்காமல் ஸ்டியரிங் சும்மா சுழன்றது. ஒரு பூவரசு வேலியைத் தொட்டுவிட்டு வந்தார். அப்போதுதான் அவருக்குள் இருந்த கடல்காரன் முழுசாக எழும்பினான். வள்ளத்தில் பாரத்தைப் பார்த்துப் பார்த்து ஆட்களை இருத்துகிற மாதிரி, எங்களை முற்றத்தில் வரிசையாக நிற்க வைத்தார். இறைச்சிக்கடைக்காரன் ஆட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"வீரோணிக்கா அக்கா முன்னுக்கு, என்ர பக்கத்தில. திரேசா பின்னுக்கு வலப்பக்கம். பிலோமி," என்று என்னைப் பார்த்தார், "நீர் இடப்பக்கம். காலடியில ஆளுக்கொரு மணல்மூட்டை. நடுவில றோசா."

"நான்?" என்று யோசேப்பு கேட்டான். றோசாவின் புருசன். வலையில் காயப்போட்ட நெத்தலி மாதிரி மெல்லிய பெடியன்.

"நீ பஸ்ஸில போ. நீ ஏறினாலும் காருக்குத் தெரியாது."

வீரோணிக்கா அக்கா மட்டும் ரோசமாக நின்றா.

"அப்ப என்னை மூட்டை எண்டு சொல்லுறாய்?"

"மூட்டை பேசாது அக்கா. உங்களை இருத்திப்போட்டு ஆர் மூட்டை எண்டு சொல்லுவான்?"

இதையெல்லாம் வாசலில் நின்று றோசா பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தமுறை செம்பு கேட்கவில்லை. தனக்காக மூன்று தடித்த பெண்கள் மணலுக்கு மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு முழங்கால் நாடியில் முட்ட இருக்கிறதைப் பார்த்தாள். முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு வந்து நடுவில் ஏறினாள்.

"அக்கா, அந்த மரம் வரேக்க சொல்லவேண்டாம். எனக்குத் தெரியும்" என்று என் காதுக்குள் சொன்னாள். என் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். விரல் நொந்தது. விரலை அவளிடமே விட்டுவிட்டேன்.

ஒட்டுசுட்டான் தாண்டினோம். காடு தொடங்கியது. வெயில் மரங்களுக்குள்ளால் துண்டு துண்டாக விழுந்து, எங்கள் மடிகளின் மேல் ஓடியது. ஒரு மயில் றோட்டைக் கடக்கும்வரை சவிரி பொறுத்து நின்றார். கார் குழியில் இறங்கும், மெல்ல ஏறும். இறங்கும், ஏறும். வீரோணிக்கா அக்கா செபமாலையைத் தொடங்கினா, மூன்றாம் மணியில் குறட்டை விட்டா. திரேசா யன்னலில் தலையைச் சாய்த்துவிட்டா. காருக்குள்ளே பெண்களின் மூச்சும் மணல்மூட்டையின் ஈரமணமும் தேங்காயெண்ணெயும்.

தூரத்தில் அந்தப் பாலைமரம் தெரிந்தது. சவிரி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். காலை எடுத்துக் காரை மெதுவாக்கினார். நான் றோசாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் நித்திரை. வாய் கொஞ்சம் திறந்து, தலை என் தோளில் சாய்ந்து, என் விரலைப் பிடித்த கை எப்போதோ தளர்ந்துபோய் மடியில் கிடந்தது.

மரத்தின் நிழல் காருக்குமேல் ஏறி, எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் தடவி, பின்கண்ணாடியால் இறங்கிப் போனது. சவிரி ஹோர்ன் அடிக்கவில்லை. நானும் எழுப்பவில்லை.

திரும்பி வருகிறபோது

வவுனியா ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது, தள்ளுவண்டியோடு ஓடிவந்த ஆள் நேரே வீரோணிக்கா அக்காவிடம் போனான்.

"அம்மா, மெல்லமா இறங்குங்கோ. எத்தினை மாசம்?"

"எனக்கு அறுபது வருசமடா!"

அந்தச் சத்தத்தில்தான் றோசா கண்ணை முழித்தாள். எங்கே நிற்கிறோம் என்று பார்த்தாள். என்னைக் கேட்டாள். "தாண்டியாச்சோ?" "ஓம்" என்றேன். 

பிள்ளை நல்லபடி பிறந்தது. பெண்பிள்ளை. அழுத அழுகையில் தாதி மிசிமார் வாட்டுக் கதவைச் சாத்தினார்களாம்.

கூட்டிவரப் போன அன்றைக்கு வீரோணிக்கா அக்காவுக்குச் சந்தை, திரேசாவுக்குக் காய்ச்சல். வேலியில் முட்டின பயத்தில் வெறும் மணல்மூட்டையை ஏற்றவும் இல்லை. ராமையாவும் மலையிலிருந்து திரும்பவில்லை. பின்சீற்றில் நானும் றோசாவும், அவள் கையில் பிள்ளையும். முன்னால் யோசேப்பு, இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சவிரி வியர்த்துப்போனார். மாட்டுவண்டி கூட எங்களை முந்தியது. ஒவ்வொரு குழிக்கும் நின்று, இறங்கிப் பார்க்காத குறையாக, ஊர்ந்துகொண்டு போனார்.

மாங்குளம் தாண்டியதும் றோசா பொறுக்கமாட்டாமல் முன்சீற்றைத் தட்டினாள்.

"அத்தான், என்ன, செத்தவீட்டு ஊர்வலமோ போறியள்? பிள்ளைக்கு வெக்கை, எனக்குப் பசி. கெதியா விடுங்கோ!"

"றோட்டு சரியில்லைப் பிள்ளை..."

"தெரியும். விடுங்கோ."

சவிரி கியரை மாற்றினார். கார் துள்ளியது. நான் கூரையைப் பிடித்தேன். றோசா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, துள்ளத் துள்ள யன்னலுக்கு வெளியே காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.